வேசோபிரெசர்: ‘குருதியோட்ட ஊக்கி’ வேண்டாமே

நண்பர்களுக்கு வணக்கம்.

நம் மருத்துவக் கலைச்சொல் பட்டியலில் வேசோபிரெசருக்கு, அதாவது இரத்த நாளங்களை இறுக்கி விழுந்த இரத்த அழுத்தத்தை ஏற்றும் மருந்துக்கு, ‘குருதியோட்ட ஊக்கி’ என்று வந்த பரிந்துரை கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் மருந்து செய்யும் வேலைக்கு அது நேரெதிராகப் போய்விடக்கூடும். செப்சிஸ் (தொற்றுக்கு உடல் கட்டுமீறி எதிர்வினை காட்டி உறுப்புகள் பழுதாகும் நிலை) முற்றி அதிர்ச்சி (ஷாக்) நிலைக்குப் போனவருக்கு நாளங்கள் தளர்ந்து அழுத்தம் விழுந்துவிடுகிறது. நோரட்ரினலின் என்ற வேசோபிரெசரைக் கொடுத்து நாளங்களை இறுக்கி, சராசரித் தமனி அழுத்தத்தை 65 மி.மீ. பாதரச அளவுக்காவது கொண்டுவருகிறார்கள். ஏறியது அழுத்தம். ஓட்டம் ஏறியதா என்பது தனிக் கேள்வி. மானிட்டரில் 70 காட்டும். ஆனால் வயிறு உப்பியிருக்கும், மூக்குக் குழாயில் கொடுத்த உணவு செரிக்காமல் திரும்பி வரும், இரத்தத்தில் லாக்டேட் (திசுக்களுக்கு ஆக்சிஜன் போதாதபோது கூடும் பொருள்) இறங்காது. குடல் இரத்தத்துக்குத் தவித்துக்கொண்டிருக்கலாம் என்று சந்தேகப்பட வேண்டிய அந்த நேரத்தில் கையிலிருக்கும் மருந்தின் பெயர் ‘ஓட்ட ஊக்கி’ என்றால் எப்படி?

‘இரத்த அழுத்த மருந்து’ இன்னும் மோசம். நம் வீடுகளில் பிரஷர் மாத்திரை என்றாலே இறக்குகிற மாத்திரைதான். “லோ பிரஷர்னு சொன்னீங்க, அப்புறம் ஏன் பிரஷர் மருந்து ஓடுது?” என்று உறவினர் கேட்டால் அதில் தப்பே இல்லை.

‘நாளஞ்சுருக்கி’ அறிவியல்படி சரி, ஆனால் அகலமானது. மூக்கடைப்புக்கு விடும் சொட்டு மருந்தும் நாளஞ்சுருக்கிதான். அதை யாரும் செப்சிஸுக்குக் கொடுப்பதில்லை. ஆகவே என் ஓட்டு ‘அழுத்தமேற்றி’க்கு. டோபுடமின் போல இதயத்தின் சுருங்கு விசையைக் கூட்டுபவை வேறு வகை. அவற்றுக்கு வேறு சொல் பார்ப்போம்.

இனி, நம் உரையாடல் இழையில் எல்லோரும் தாண்டிப்போன ஸ்ப்ளாங்க்னிக் ஓட்டம், அதாவது இரைப்பை, குடல், கணையம், மண்ணீரல், கல்லீரல் ஆகியவற்றின் குருதியோட்டம். உண்மையான சிக்கல் இங்கேதான். ‘உள்ளுறுப்புக் குருதியோட்டம்’ என்றால் நுரையீரலும் சிறுநீரகமும் உள்ளே வந்துவிடும். ‘குடல் குருதியோட்டம்’ என்றால் கல்லீரலும் மண்ணீரலும் வெளியே போய்விடும். அளக்கும் முறையைப் பார்த்தால் எல்லை தெளிவாகும். கல்லீரல் பிரித்தெடுக்கும் பச்சைச் சாயம் ஒன்றை இரத்தத்தில் செலுத்தி, கல்லீரல் சிரைக்குள் குழாய் விட்டு எடுத்த இரத்தத்தில் அது எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்று பார்க்கிறார்கள். இரைப்பை, குடல்கள், கணையம், மண்ணீரல், கல்லீரல் எல்லாவற்றின் இரத்தமும் கடைசியில் அந்தச் சிரை வழியாகத்தான் வெளியேறுகிறது. ஓய்வில் இதயம் தள்ளும் இரத்தத்தில் ஏறக்குறைய கால்பங்கு இந்தச் சுற்றில்தான் போகிறது.

பிரஸ்ஸல்ஸ் குழு ஒன்று 2003இல் வெளியிட்ட ஆய்வும் இந்த ஓட்டத்தை அளந்ததுதான். மிதமான அதிர்ச்சியில் நோரட்ரினலினுக்கும் அட்ரினலினுக்கும் பெரிய வேறுபாடு தெரியவில்லை. கடும் அதிர்ச்சியில் அட்ரினலின் இதயத்திலிருந்து வரும் மொத்த ஓட்டத்தைக் கூட்டியது, ஸ்ப்ளாங்க்னிக் ஓட்டமோ நோரட்ரினலின் கொடுத்தபோது இருந்ததைவிடக் குறைவு. மொத்தத்துக்கு ஒரு சொல், இந்தச் சுற்றுக்கு ஒரு சொல் என்று தனித்தனியாக இல்லாவிட்டால் இந்த முடிவைத் தமிழில் எழுதவே முடியாது.

‘அகட்டுக் குருதியோட்டம்’ என்று வைக்கலாமா? அகடு என்றால் வயிறு. குறளின் சூது அதிகாரத்தில் அந்தப் பொருளில்தான் வருகிறது. ‘வயிற்றுக் குருதியோட்டம்’ என்றால் படிப்பவர் இரைப்பையை மட்டும் நினைத்துக்கொள்வார். பழைய சொல்லுக்கு அந்தத் தொல்லை இல்லை. நாம் சொல்கிற எல்லைக்குள் நிற்கும்.

அப்புறம், சொல்லிலேயே நல்லது கெட்டது ஏற்றிவிட வேண்டாம். கல்லீரல் சுருங்கி உணவுக்குழாய்ச் சிரை வெடித்து இரத்த வாந்தி எடுப்பவருக்கு டெர்லிபிரசின் என்ற நாளஞ்சுருக்கி மருந்து கொடுப்பதே இந்த ஓட்டத்தைக் குறைக்கத்தான். அங்கே அது சிகிச்சை.

‘கடுமையான செப்சிஸ்’ என்ற பதிவை நம் பட்டியலிலிருந்து நீக்கிவிடலாம். செப்சிஸுக்கு 2016இல் வந்த வரையறையில் அந்தப் பிரிவே இல்லை.

‘அகடு’ என்றால் வகுப்பில் சிரிப்பார்களோ என்ற தயக்கம் எனக்கும் உண்டு. இதைவிட நல்ல சொல் இருந்தால் எழுதுங்கள், சிறுநீரகத்தை உள்ளே விடாததாக மட்டும் இருக்கட்டும்.