கலைச்சொல்: ரிசோ அச்சில் மிஸ்ரெஜிஸ்ட்ரேஷன், டிராப்பிங்

குழுவினருக்கு வணக்கம்.

படக்கலைஞர்களுக்கான ரிசோகிராஃப் கையேட்டுக்கு இரண்டு சொற்கள் தேவை. ஜப்பானின் ரிசோ ககாகு நிறுவனம் சுற்றறிக்கை, வினாத்தாள் அடிக்கவென்று 1980களில் சந்தைக்குக் கொண்டுவந்த எந்திரம் இது. இப்போது ஜைன் (சொந்தமாக அடித்து வெளியிடும் சிற்றேடு), போஸ்டர், குழந்தைப் படப்புத்தகம் என்று ஓவியர்கள் கைக்கு வந்துவிட்டது. ஓர் உருளைக்கு ஒரு மைதான். ஃபுளோரசன்ட் பிங்க் ஓட்டி முடித்து, உருளையை மாற்றி, அதே தாளைத் திரும்ப ஊட்டி நீலம் ஓட்ட வேண்டும். இரண்டாம் ஓட்டத்தில் 1 மி.மீ., சில தாள்களில் 2 மி.மீ. கூட நகர்ந்துவிடும். பூனையின் கன்னச் சிவப்பு மீசையைத் தாண்டி வெளியே நிற்கும்.

இந்த நகர்வுதான் மிஸ்ரெஜிஸ்ட்ரேஷன். நகர்ந்தாலும் இடையில் வெள்ளை தெரியாதபடி ஒரு நிறத்தை மற்றதன் அடியில் நீட்டிவிடுவது டிராப்பிங். முதலாவதைப் 'பதிவுப் பிழை' என்றும், இரண்டாவதைப் 'பொறிவைத்தல்' என்றும் எழுதியிருக்கிறேன். சரிவருமா?

---

> பதிவுப் பிழை

ஐயா, இதைப் படிப்பவர் சார்பதிவாளர் அலுவலகத்துக்குத்தான் போவார். 'பிழை'யும் இடிக்கிறது. ரிசோவில் அந்த நகர்வை வேண்டுமென்றே விட்டு வரைகிறவர்கள் ஏராளம். படத்தின் குறும்பே அதில்தான் இருக்கிறது. 'நிறப்பிசகு' என்று வைக்கலாம். 'கொஞ்சம் பிசகிடுச்சு' என்று சொன்னால் அச்சகத்திலும் புரியும்.

அதற்குள்ளும் இரண்டு வகையைப் பிரிக்க வேண்டும். படம் மேலேயோ பக்கவாட்டிலோ நகர்ந்திருந்தால் 'தள்ளல்'. எந்திரத்தின் நிலைத் திருத்த அமைப்பிலேயே சரிசெய்துவிடலாம். சாய்ந்திருந்தால் 'கோணல்'; அந்த அமைப்பால் ஒன்றும் ஆகாது. ஊட்டுத்தட்டின் பக்கத் தடுப்புகள் தாளோடு ஒட்டி நிற்கின்றனவா என்று பாருங்கள். தள்ளலா கோணலா என்று தெரிய, எதிரெதிர் மூலைகளில் வட்டத்துக்குள் கூட்டல் குறி போட்டு ஒப்பிட வேண்டும். ஒரு மூலையை மட்டும் பார்த்துவிட்டுத் தள்ளல் என்று முடிவு கட்டுவதுதான் வழக்கமான தவறு.

> பொறிவைத்தல்

எலிக்கு வேண்டுமானால் வைக்கலாம்! 'கவ்வு' என் பரிந்துரை.

---

நிறப்பிசகுக்கு என் ஓட்டு. சுளுக்கு வாடை கொஞ்சம் அடிக்கிறது, பரவாயில்லை.

'கவ்வு' வேண்டாம். ஆஃப்செட்டில் தாளின் முன்விளிம்பைப் பிடித்து இழுக்கும் கிரிப்பருக்குக் 'கவ்வி' என்ற சொல்லை ஒதுக்கி வைத்திருக்க வேண்டும். மேலும், டிராப்பிங்கில் எதுவும் எதையும் கவ்வுவதில்லை. மஞ்சள் வட்டமும் அதைச் சுற்றிக் கருநீலமும் விளிம்போடு விளிம்பாக இருந்தால், பிசகும்போது நடுவே பிறை வடிவில் வெள்ளைத் தாள் பல்லிளிக்கும். அதைத் தவிர்க்க மஞ்சளை நீலத்துக்கு அடியில் கொஞ்சம் நீட்டி விடுகிறோம். தையல்காரர் உள்ளே துணி விடுவதும் இதேதான். ஆகவே 'உள்விடு'.

எவ்வளவு என்பதையும் கையேட்டில் எழுதிவிடுங்கள். ஆஃப்செட்டில் 0.1 மி.மீ. அளவே போதும். ரிசோவுக்கு 1 மி.மீ. விட வேண்டும், 300 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி) கோப்பில் அது ஏறக்குறைய 12 பிக்சல். எப்போதும் வெளிர்நிறத்தைத்தான் நீட்ட வேண்டும். கருநீலத்தை நீட்டினால் வட்டமே சிறுத்துத் தெரியும்.

---

அம்மா, 'உள்விடு' பிடித்துவிட்டது. ஆனால் அடுத்த ஓட்டத்தில் தாளை இழுக்கும் ரப்பர் உருளை ஈர மையைத் தொட்டு வெள்ளைப் பகுதியில் தடம் பதிக்குமே, அதையும் பிசகில் சேர்க்கலாமா?

---

கூடாது. அது மையின் குணம். ரிசோ மை எண்ணெய் சார்ந்தது. சூடேற்றி உலர்த்தும் ஏற்பாடு எந்திரத்தில் இல்லை, தாள் உறிஞ்சினால்தான் உண்டு. வழவழப்பான ஆர்ட் தாளில் எத்தனை நாள் வைத்தாலும் விரலில் ஒட்டும். பூச்சில்லாத தாளை எடுத்து, அடர்நிறப் பரப்பை 100 விழுக்காடாக நிரப்பாமல் கொஞ்சம் குறைத்து, முதல் நிறத்தை ஓர் இரவு ஆறவிட்டு அடுத்ததை ஓட்டினால் தடம் பெரிதும் குறையும். 'உருளைத்தடம்' என்று தனிப் பதிவாகப் போடுங்கள்.

---

இப்படி ஏற்றுகிறேன்:

நிறப்பிசகு: ஒரு நிறம் மற்றொன்றோடு பொருந்தாமல் விலகி நிற்பது. வகை: தள்ளல், கோணல்.
உள்விடு: வெளிர்நிறத்தை அடர்நிறத்தின் அடியில் நீட்டிவிடும் அளவு. எ-டு: 'மஞ்சளுக்கு 1 மி.மீ. உள்விடு கொடு.'
உருளைத்தடம்: ஈர மையை ஊட்டுருளை இழுத்துப் பதிக்கும் கறை.

ஓவர்பிரிண்ட் பாக்கி. பிங்க் மேல் நீலம் ஏறி ஊதா பிறப்பதற்கு 'மேலச்சு' என்று எழுதினேன். உருளை நீலமாகத்தான் இருக்கிறது, ஊதா தாளில்தான் உண்டாகிறது என்பது அந்தச் சொல்லில் வரவில்லை.