ஸ்டீல்ஸுக்கு வடக்கே கடை இல்லை: கஞ்சாக் கடை கேட்டுப் போனவர்களின் அனுபவங்கள்

மார்க்கம்வாசி:

மார்க்கத்தில் இருக்கிற எங்கள் சனத்துக்கு இது தெரிந்த கதைதான். ஸ்டீல்ஸ் அவென்யூவின் தெற்குப் பக்கம் ரொறொன்ரோ, வடக்குப் பக்கம் மார்க்கம். தெற்கே உரிமம் பெற்ற கஞ்சாக் கடைகள் உண்டு, வடக்கே ஒன்றுகூட இல்லை. 2018 ஒக்ரோபர் 17இல் கனடா முழுவதும் கஞ்சா சட்டபூர்வமானது. கடை வேண்டாம் என்கிற நகரசபைகள் 2019 ஜனவரி 22க்குள் சொல்லிவிட வேண்டும் என்று எங்கள் ஒன்ராறியோ மாகாண அரசு தவணை வைத்தது. 414 நகரசபைகளில் 77 வேண்டாம் என்றன. மார்க்கம், வாகன், ரிச்மண்ட் ஹில், மிசிசாகா எல்லாம் அந்தப் பட்டியலில் இருந்தன. மிசிசாகா பிறகு மாறிவிட்டது. நாங்கள் அப்படியே இருக்கிறோம்.

இதை மாற்றக் கேட்டு நாங்கள் சிலர் கவுன்சிலர் ஒருவரைப் போய்ப் பார்த்தோம். நல்ல மனிதர், இருத்தி வைத்துப் பொறுமையாகக் கேட்டார். பிறகு இரண்டு காரணம் சொன்னார். வேண்டாம் என்ற நகரசபை எப்போது வேண்டுமானாலும் சம்மதிக்கலாம், ஆனால் சம்மதித்தபின் பின்வாங்கச் சட்டத்தில் இடமில்லை. மற்றது, எந்தத் தெருவில் எத்தனை கடை வரலாம் என்று முடிவு செய்யும் அதிகாரம் நகரசபையிடம் இல்லை, மாகாணத்திடம்தான் இருக்கிறது. இரண்டும் நியாயமான பயம் என்றுதான் எனக்கும் பட்டது.

அவர் கடைசியாகக் கேட்டதுதான் இந்த இழையைத் தொடங்க வைத்தது. "கடை வேண்டாம் என்று எழுதுகிறவர்களின் மின்னஞ்சல் எனக்கு வந்துகொண்டே இருக்கிறது. வேண்டும் என்கிறவர்கள் எங்கே?"

எங்கே என்று எனக்குத் தெரியும். என் தெருவிலேயே இருக்கிறார்கள். ஆனால் நகரசபையில் பேசுவது என்றால் பெயர் நிகழ்ச்சி நிரலில் ஏறும், கூட்டம் இணையத்தில் ஒளிபரப்பாகும். மகளுக்குச் சம்பந்தம் பேசிக்கொண்டிருக்கிற ஒருவர் அந்த ஒலிவாங்கிக்கு முன்னால் போய் நிற்பாரா? எதிர்க்கிறவருக்கு அந்தப் பிரச்சினை இல்லை. பேசிவிட்டுத் தலை நிமிர்ந்து வீட்டுக்குப் போகலாம்.

உங்கள் ஊரில் இப்படிக் கேட்டுப் போனவர்கள், கேட்கப் பயந்தவர்கள், எதிர்த்தவர்கள், எல்லாரும் எழுதுங்கள்.

---

பராமரிப்பு அக்கா:

நான் வீடு வீடாகப் போய் வயதானவர்களைப் பராமரிக்கிற வேலை செய்கிறேன். ரொறொன்ரோவின் கிழக்குப் பக்கமான ஸ்காபரோவும் மார்க்கமும் கலந்து வரும்.

மருத்துவக் கஞ்சா பற்றிப் பலருக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். வைத்தியர் எழுதிக் கொடுத்தாலும் அதைக் கடையில் வாங்க முடியாது. மத்திய அரசின் உரிமம் பெற்ற விற்பனையாளரிடம் பதிந்து, பார்சலில்தான் வர வேண்டும். தெருக்கடையில் அதே எண்ணெய்ப் போத்தலை வாங்கலாம், ஆனால் அந்த ரசீதை வருமான வரியில் மருத்துவச் செலவாகக் காட்ட முடியாது.

நான் பார்க்கிற ஒரு அம்மாவுக்கு கீமோவுக்குப் பிறகு சாப்பாடு உள்ளே இறங்காது. எண்ணெய் இரண்டு சொட்டு எடுத்தால் கொஞ்சம் கஞ்சி குடிப்பார். 2024 நவம்பர் 15இல் தபால் வேலைநிறுத்தம் தொடங்கியது, டிசம்பர் நடுப்பகுதி வரை போனது. அவருடைய பார்சல் எங்கேயோ மாட்டிக்கொண்டது. ஒவ்வொரு நாளும் "கடிதக்காரன் வந்தவனோ?" என்று என்னைக் கேட்பார். மருந்து என்று சொல்ல மாட்டார், கடிதம் என்றுதான் சொல்வார். மருமகனுக்குத் தெரியக் கூடாது.

மகள் ஒருநாள் வேலை முடிந்து வரும்போது ஸ்டீல்ஸுக்குத் தெற்கே போய் வாங்கி வந்தார். கார் இருந்தது, வாங்கினார். இரண்டு பஸ் மாறி, பனியில் வோக்கரைத் தள்ளிக்கொண்டு போக வேண்டிய ஆள் என்ன செய்வது? இணையத்தில் மாகாண அரசின் கடையில் எடுக்கலாம் என்பார்கள். அதற்குக் கார்ட் வேண்டும், ஆங்கிலம் வேண்டும், பார்சல் வரும் நேரம் அடையாள அட்டையோடு வாசலில் நிற்க ஆள் வேண்டும். எங்கள் அம்மாக்கள் பலர் காசை உறையில் போட்டு அலுமாரியில் வைத்திருப்பவர்கள்.

---

கவுண்டர் தம்பி:

நான் அந்தத் தெற்குப் பக்கக் கடைகளில் ஒன்றில் வேலை செய்கிறேன். பெயர் வேண்டாம்.

மார்க்கத்தில் இருந்து வருகிற தமிழரை உடனே கண்டுபிடித்துவிடலாம். காரைக் கடைக்கு முன்னால் விடமாட்டார்கள், பக்கத்துப் பிளாசாவில் விட்டுவிட்டு நடந்து வருவார்கள். உள்ளே வந்ததும் நான் தமிழன் என்று தெரிந்தால் முகம் மாறும். அரைவாசிப் பேர் திரும்பிப் போய்விடுவார்கள். மற்ற அரைவாசிப் பேர் பெரிய மூச்சு விட்டு, "தம்பி, முழங்கால் நோவுக்கு எது நல்லது?" என்பார்கள். அங்கேதான் என் வாய் அடைத்துவிடும். இது நோவுக்கு நல்லது, நித்திரைக்கு நல்லது என்று நாங்கள் சொல்லக் கூடாது. எவ்வளவு அளவு இருக்கிறது, எப்படி எடுப்பது, கொஞ்சத்தில் தொடங்குங்கள் என்று மட்டும் சொல்லலாம். வைத்தியரிடம் கேளுங்கள் அம்மா என்றால், "அந்தாளிட்ட எப்படியப்பா கேக்கிறது?" என்று திருப்பிக் கேட்பார்கள்.

ஒரு ஆச்சி கைப்பைக்குள் இருந்து பளபளப்பான பாக்கெட் ஒன்றை எடுத்து, இதே கம்மி (gummy, கஞ்சா கலந்த மிட்டாய்) இருக்கிறதா என்று கேட்டார். பேரன் யாரிடமோ வாங்கிக் கொடுத்ததாம். பாக்கெட்டில் 500 மில்லிகிராம் டிஎச்சி (THC, கஞ்சாவில் போதை தருகிற பொருள்) என்று அச்சடித்திருந்தது. சட்டப்படி விற்கிற உண்ணும் பொருளில் ஒரு பாக்கெட்டுக்கே 10 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது. வரி முத்திரையும் இல்லை. "ஒண்டை நாலாய் வெட்டித்தான் தம்பி சாப்பிடுறனான், அப்பிடியும் ரெண்டு நாள் எழும்பேல்லை" என்றார். எங்கள் பாக்கெட்டைக் காட்டி விளக்கிக் கொடுத்து அனுப்பினேன்.

கடை வேண்டாம் என்று கைதூக்கிய கவுன்சிலர்கள் ஒருநாள் வந்து என் கவுண்டரில் நின்று பார்க்க வேண்டும். கடை இல்லாத ஊரில் அந்த ஆச்சிக்குக் கிடைத்தது 500 மில்லிகிராம் பாக்கெட். அவ்வளவுதான் சொல்வேன்.

இன்னொரு சங்கடம், 19 வயதுக்குக் கீழ் யாரும் உள்ளே வரக் கூடாது. பெற்றோரோடு வந்தாலும் கூடாது. சின்னப் பிள்ளையோடு வருகிற தாய்மாரை வாசலிலேயே மறிக்க வேண்டியிருக்கிறது. சட்டம் சரிதான், மறிக்கிறவனுக்குத்தான் முகம் இல்லை.

---

வகுப்பு ரீச்சர்:

எல்லாரும் ஒரு பக்கமாக எழுதுவதால் மற்றப் பக்கத்தையும் கேளுங்கள். நான் எதிர்த்தவள்.

ஸ்காபரோவில் நாங்கள் சனி, ஞாயிறு வகுப்பு நடத்துகிற பிளாசாவில் கஞ்சாக் கடைக்கு விண்ணப்பம் வந்தது. கதவில் அறிவித்தல் ஒட்டியிருந்தார்கள். பாடசாலையில் இருந்து 150 மீற்றருக்குள் கடை வரக் கூடாது என்பது சட்டம். ஆனால் எங்களைப் போன்ற டியூசன் வகுப்பு அந்தக் கணக்கில் பாடசாலை ஆகாது. 15 நாளுக்குள் எழுத்தில் ஆட்சேபம் அனுப்பலாம், அதுவும் மூன்று விடயம் பற்றித்தான்: பொதுச் சுகாதாரமும் பாதுகாப்பும், இளையோர் பாதுகாப்பு, கஞ்சா தொடர்பான சட்டவிரோதச் செயல்களைத் தடுப்பது. ஏற்கெனவே நடை தூரத்தில் வேறு கடைகள் இருக்கின்றன என்று எழுதினேன். பெற்றோரிடம் கையெழுத்து வாங்கி அனுப்பினேன். கடை வந்துவிட்டது.

நான் கஞ்சாவுக்கு எதிரி இல்லை. என் தகப்பனாரும் கடைசிக் காலத்தில் எண்ணெய் எடுத்தவர்தான். என் கோபம் வேறு. வடக்கே பெரிய வீடுகள் உள்ள நகரங்கள் கடை வேண்டாம் என்றுவிட்டன. அங்கே இருப்பவர்கள் வாங்க எங்கள் தெருவுக்கு வருகிறார்கள். வாடகை மலிவான எங்கள் பிளாசாக்களில் கடைக்குப் பக்கத்தில் கடை. எல்லாருக்கும் நியாயமாகக் கிடைக்க வேண்டும் என்று பேசுகிற நீங்கள் இதையும் கேட்கிறீர்களா, அல்லது உங்களுக்கு ஒரு கடை வந்தால் காணுமா?

---

மிசிசாகா மதுரைக்காரன்:

ரீச்சர் சொல்றதுல பாதி எனக்குச் சம்மதம். இருந்தாலும் எங்கள் ஊர்க் கதையைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இங்கே நகரசபை மனசு மாறிய சம்பவம் நடந்தது.

மிசிசாகா நகரசபை கடைக்குச் சம்மதித்தது 2023 ஏப்ரலில்தான், அதுவரைக்கும் கடை கிடையாது. பக்கத்து பிராம்ப்டனில் உண்டு, டொராண்டோவில் உண்டு, நடுவில் நாங்கள் மட்டும் பத்தியம். அதற்காக ஊரில் கஞ்சா இல்லாமலா இருந்தது? என் வீட்டுக்குக் கிட்டேயே போர்டு மாட்டி உரிமமில்லாத கடை ஒன்று நடந்துகொண்டிருந்தது. ஒருநாள் வேண்டுமென்றே உள்ளே போய்ப் பார்த்தேன். வயசு கேட்கவில்லை, கார்டு கேட்கவில்லை. இதை அப்படியே எழுதி என் வார்டு கவுன்சிலருக்கு அனுப்பினேன். "எங்களுக்குக் கடை வேண்டும்" என்று எழுதியதற்கெல்லாம் வந்த பதில் ஒரே மாதிரியான நன்றிக் கடிதம். இதற்கு மட்டும் அவர் உதவியாளரே போன் செய்தார், எந்தத் தெரு, எத்தனை மணிக்குப் போனீர்கள் என்று.

அப்புறம் கையெழுத்து வேட்டை. கோயில் வாசலில் நின்றால் செருப்படிதான் கிடைக்கும் என்று மளிகைக் கடை பார்க்கிங்கில் நின்றோம். ஒரு பெரியவர் தாளை முழுக்கப் படித்துவிட்டு, "ஏன் தம்பி, கடை நீங்க வைக்கப் போறீங்களா?" என்றார். இல்லை சார் என்றேன். "அப்ப உங்களுக்கு என்ன லாபம்?" என்றார். என்னிடம் பதில் இல்லை. அவரே கொஞ்ச நேரம் யோசித்து, மனைவிக்கு மூட்டுவலி என்று ஆரம்பித்து அரை மணி நேரம் பேசினார். கடைசியில் கையெழுத்துப் போடவில்லை! மகன் பெயரைப் போட்டுக்கொள்ளுங்கள் என்றார். அது செல்லாது என்று சொல்லி அனுப்பினேன்.

காசும் ஒரு காரணமாகப் பேசப்பட்டது. சட்டம் வந்தபோது நகரசபைகளின் செலவுக்கென்று மாகாணம் 40 மில்லியன் டாலர் ஒதுக்கியது. கடை வேண்டாம் என்ற ஊர்களுக்கு இரண்டாம் தவணையில் அதிகபட்சம் 5,000 டாலர்தான். மிசிசாகா அளவு ஊருக்கு 5,000 டாலர் எந்த மூலைக்கு?

இப்போது கடைகள் வந்துவிட்டன. சிலது அதற்குள் மூடியும் போச்சு. எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் இருந்த போர்டுக் கடையும் போய்விட்டது. புதுக் கடை வந்ததால் போனதா, போலீஸால் போனதா என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை.

---

மார்க்கம்வாசி:

ரீச்சர், நீங்கள் கேட்டது சரியான கேள்வி. மார்க்கம் கடைகளைத் திறந்தால் உங்கள் பிளாசா மேல் இருக்கிற பாரம் கொஞ்சமாவது குறையும், என்னைப் பொறுத்தவரை இரண்டும் ஒரே வழக்குத்தான். நெருக்கமாகக் கடை வருவதைக் கட்டுப்படுத்தும் அதிகாரத்தை மாகாணம் நகரசபைகளிடம் கொடுக்கட்டும் என்று கேட்டால் நானும் கையெழுத்துப் போடுவேன். எங்கள் கவுன்சிலரின் பயத்துக்கும் அதுதான் மருந்து.

ஒரு வேடிக்கையும் சொல்ல வேண்டும். உங்கள் பக்கத்தில் வருகிற கடைக்கு ஆட்சேபமோ ஆதரவோ எழுத என்னால் முடியாது. அந்தக் கடை வருகிற நகரசபைக்குள் வசிக்கிறவர்கள்தான் எழுதலாம். நான் பஸ் ஏறுகிற நிறுத்தத்துக்கு எதிரிலேயே கடை இருந்தாலும் நான் வெளியூர்க்காரன்.

கவுண்டர் தம்பி, அந்த 500 மில்லிகிராம் கதையை ஒரு பக்கத்தில் எழுதித் தர முடியுமா? உங்கள் பெயரும் வேண்டாம், ஆச்சியின் பெயரும் வேண்டாம், கடைப் பெயரும் வேண்டாம். கவுன்சிலர்கள் எல்லாருக்கும் என் பெயரில் அனுப்புகிறேன். அக்கா, தபால் வேலைநிறுத்த நேரம் நடந்ததையும் தாருங்கள். மனைவியிடம் கேட்டுவிட்டேன், "பெயர் வந்தால் வரட்டும், எங்களுக்குச் சம்பந்தம் பேச ஆம்பிளைப் பிள்ளையள்தானே" என்கிறா.

---

பராமரிப்பு அக்கா:

ஆம்பிளைப் பிள்ளைக்கும் பொம்பிளை வீட்டார் இணையத்தில் தேடிப் பார்ப்பினம் தம்பி, மனைவிக்குச் சொல்லுங்கோ. ஞாயிறு எழுதி அனுப்புகிறேன்.