மருந்து மோதலா, இடைவினையா?

அனைவருக்கும் வணக்கம்.

'டிரக் இன்டராக்‌ஷன்' (ஒரு மருந்து இன்னொரு மருந்தின் வேலையை மாற்றுவது) என்பதற்குத் தமிழ்ச் சொல்லாக நேற்று நம் குழுவில் ஐயா ஒருவர் முன்வைத்த 'மருந்து மோதல்' காதுக்கு நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் எனக்கு உடன்பாடில்லை. காரணம் இலக்கணம் இல்லை, என் மைத்துனர்.

பல வருடமாக இரவில் அட்டோர்வாஸ்டாட்டின் என்ற, கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டாட்டின் வகை மாத்திரை போடுகிறவர் அவர். எடை குறைய செமாகுளூட்டைடு ஊசி ஆரம்பித்த வாரமே, வாட்ஸ்அப்பில் வந்த ஒரு தமிழ்க் குறிப்பில் 'மருந்துகள் மோதும்' என்று படித்துவிட்டு, யாரையும் கேட்காமல் மாத்திரையை நிறுத்திவிட்டார். ஒரு மாதம் கழித்துத் தண்ணீர் எடுக்க அவர் வீட்டு ஃபிரிட்ஜைத் திறந்தேன், ஊசிப் பேனாவுக்குப் பக்கத்தில் பிரிக்காத மாத்திரை அட்டை மூன்று கிடந்தன. "ரெண்டும் மோதுமாமே மாப்ள" என்றார்.

உண்மையில் இந்த இரண்டும் மோதுவதில்லை. ஸ்டாட்டின் கல்லீரலில் கொலஸ்ட்ரால் தயாராக உதவும் நொதியைத் தடுக்கிறது. ஊசி, சாப்பிட்டபின் குடலில் சுரக்கும் ஜிஎல்பி-1 ஹார்மோன் செய்கிற வேலையைச் செய்து பசியை அடக்குகிறது, இரைப்பை காலியாவதையும் தாமதமாக்குகிறது. அதனால் விழுங்கிய மாத்திரை ரத்தத்தில் சேரும் வேகம் கொஞ்சம் மாறலாம். அட்டோர்வாஸ்டாட்டினோடு சேர்த்துச் சோதித்ததில் மாத்திரையின் அளவை மாற்றும்படி எதுவும் வரவில்லை. செமாகுளூட்டைடைச் சோதித்து 2023இல் வெளியான செலக்ட் ஆய்வில் இதயநோய் உள்ள, சர்க்கரை நோய் இல்லாத 17,604 பேர் இருந்தார்கள், பெரும்பாலோர் ஸ்டாட்டின் எடுத்துக்கொண்டிருந்தவர்கள்தான். மாரடைப்பு, பக்கவாதம், இதயநோய் மரணம் மூன்றையும் சேர்த்த கணக்கு, செமாகுளூட்டைடு போட்டவர்களிடம், மருந்தில்லாத ஊசி போட்டவர்களைவிட 20% குறைவு. இதற்குப் போய் 'மோதல்' என்று பெயர் வைத்தால் எப்படி? 'இடைவினை' போதும். நல்லதோ கெட்டதோ, ஒன்றுமே இல்லையோ, அந்தச் சொல் முன்கூட்டித் தீர்ப்புச் சொல்லாது. இதற்கே இன்னொரு சொல்லான 'ஊடாட்டம்' என்றால் எனக்குக் கணினித் திரைதான் ஞாபகம் வருகிறது.

அப்புறம் 'டைட்ரேஷன்'. பள்ளி வேதியியலில் இது 'தரம் பார்த்தல்', பியூரெட்டிலிருந்து சொட்டு சொட்டாக விடுவோமே, அது. ஊசியில் நடப்பது வேறு: 0.25 மி.கி.யில் தொடங்கி, நான்கு வாரத்துக்கு ஒருமுறை 0.5, 1, 1.7 என்று ஏற்றி 2.4க்குப் போவது. இதற்கு 'படியேற்றம்' என்று வைக்கலாம். படி என்றால் ஏறும் படியும்தான், அளக்கும் படியும்தான், இரண்டுமே இங்கே பொருந்துகிறது. இந்தச் சொல் இருந்தால் மருந்துச் சீட்டோடு தரும் தாளில் நேராக எழுதலாம்: 'படியேற்றக் காலத்தில் குமட்டல், வாந்தி, வயிற்றுப்போக்கு கூடும், நீர்ச்சத்து குறைந்தால் சிறுநீரகம் பாதிக்கப்படும், தண்ணீர்கூட உள்ளே தங்கவில்லை என்றால் மருத்துவரிடம் சொல்லுங்கள். ஸ்டாட்டின் எடுப்பவருக்குக் காரணமில்லாத தசைவலியோ, கறுத்த சிறுநீரோ வந்தால் உடனே காட்டுங்கள்.' மேல்வயிற்றில் விடாமல் கடுமையாக வலித்தாலும் அப்படித்தான், பித்தப்பைக் கல்லாகவோ கணைய அழற்சியாகவோ இருக்கலாம்.

மைத்துனர் டாக்டரைப் பார்த்துவிட்டு மாத்திரையை மறுபடி ஆரம்பித்துவிட்டார். ஆனால் மேலே சொன்ன, இரைப்பையிலிருந்து உணவு வெளியேறுவதற்கான 'இரைப்பை காலியாதல்' என்ற சொல் எனக்கே நீளமாகப் படுகிறது. 'இரைப்பை வடிதல்' என்று எழுதிப் பார்த்தேன், சீழ் வடிவது மாதிரி இருந்தது, அடித்துவிட்டேன். யாரிடமாவது நல்ல சொல் இருக்கிறதா?