மறு: ஸ்டார்ட்டிங் பிட்சர் – 'தொடக்க' வேண்டுமா, 'முறை' வேண்டுமா?

குழுமத்தாருக்கு வணக்கம்.

பேஸ்பால் பற்றித் தமிழில் ஒரு கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறேன். 2018 நியூயார்க் மெட்ஸ் அணியின் ஸ்டார்ட்டிங் பிட்சர்கள் பருவத்தின் பாதியில் எப்படி இருந்தார்கள், அப்போது போட்ட மதிப்பெண் பருவ முடிவுவரை தாக்குப்பிடித்ததா என்பதுதான் பொருள். இரண்டு பத்தி தாண்டுவதற்குள் சொல் இல்லாமல் நின்றுவிட்டேன். இப்போதைக்கு இப்படி வைத்திருக்கிறேன்:

பிட்சர் – பந்துவீச்சாளர்
ஸ்டார்ட்டிங் பிட்சர் – தொடக்கப் பந்துவீச்சாளர்
குவாலிட்டி ஸ்டார்ட் – தரமான தொடக்கம்
ஏர்ண்டு ரன் – ஈட்டிய ஓட்டம்

"ஜேக்கப் டிகிராம் தொடர்ந்து தரமான தொடக்கங்களை அளித்தார்" என்று எழுதிவிட்டு வாய்விட்டுப் படித்தால், யாரோ ஊர் ஊராகப் போய்க் கடை திறந்துவைத்தது போல இருக்கிறது. ஐயா, நேரமிருந்தால் இந்த இழைக்குள் வாருங்கள்.

* * *

> தொடக்கப் பந்துவீச்சாளர்

அம்மா, வணக்கம். சிக்கல் முழுவதும் இந்த ஒரு சொல்லில் இருக்கிறது. மற்றதெல்லாம் இதைப் பிடித்துக்கொண்டு வந்தவைதாம்.

நம் வாசகருக்கு 'தொடக்கப் பந்துவீச்சாளர்' என்றதும் கிரிக்கெட்டுதான் நினைவுக்கு வரும். புதுப்பந்தை எடுத்து முதல் ஓவர் போடுகிறவர். நாலைந்து ஓவர் வீசிவிட்டு ஓரமாக நிற்பார், பிறகு மறுபடி வருவார். பேஸ்பாலில் நீங்கள் சொல்லவருகிற ஆள் அப்படிப்பட்டவர் இல்லை. ஓர் அணியில் வழக்கமாக ஐந்து பேர். இன்று ஒருவர், நாளை இன்னொருவர் என்று சுற்றிவந்து, ஐந்தாம் நாளோ ஆறாம் நாளோ மறுபடி முதல் ஆளிடம் வந்து நிற்கும். அன்றைய ஆட்டம் அவர் பொறுப்பு. கை ஓயும்வரை இழுத்துக்கொண்டு போகவேண்டும். ஒருமுறை வெளியே வந்துவிட்டால் அன்றைக்குத் திரும்ப உள்ளே போக முடியாது. ஆட்டத்தைத் தொடங்கிவைப்பது அவர் வேலையில் மிகச் சிறிய பங்கு.

ஆங்கிலத்தில் ஸ்டார்ட் என்று இருக்கிறதே என்று கேட்பீர்கள். நீங்கள் எடுத்துக்கொண்ட அதே 2018-இல் அந்தச் சொல்லே ஆட்டம் கண்டுவிட்டது. மே 19 அன்று டாம்பா பே ரேஸ் அணி, ஏஞ்சல்ஸ் அணிக்கு எதிராக செர்ஜியோ ரோமோவை முதலில் இறக்கியது. அதுவரை ஐந்நூறுக்கும் மேற்பட்ட ஆட்டங்களில் நடுவிலும் கடைசியிலும் வந்து எறிந்தவரே தவிர, ஓர் ஆட்டத்தைக்கூட அவர் தொடங்கியதில்லை. பேஸ்பாலில் ஓர் அணிக்கு வழக்கமாக ஒன்பது இன்னிங்ஸ், மூன்று பேர் அவுட்டானால் ஓர் இன்னிங்ஸ் முடியும். முதல் இன்னிங்ஸில் மூன்று பேரையும் ஸ்ட்ரைக் அவுட் செய்துவிட்டு, அதாவது மூன்று ஸ்ட்ரைக்கில் வெளியேற்றிவிட்டு, போய் உட்கார்ந்துவிட்டார். அதன்பிறகு ரயன் யார்பரோ வந்து ஆறு இன்னிங்ஸுக்கு மேல் எறிந்தார். மறுநாளும் ரோமோவே முதலில் இறங்கினார். எதிரணியின் வலுவான மட்டையாளர்கள் வரிசையின் தலைப்பில்தான் நிற்பார்கள். அவர்களை மட்டும் ஒரு சிறப்பு ஆளை வைத்துச் சமாளித்துவிட்டால், நீண்ட நேரம் எறியப்போகிறவர் அவர்களை ஒரு தடவை குறைவாகச் சந்தித்தால் போதும். கணக்கு இவ்வளவுதான். இப்படி இறங்கும் ஆளுக்கு 'ஓப்பனர்' என்று பெயர் வைத்தார்கள்.

இப்போது சொல்லுங்கள். ரோமோ தொடங்கினார், ஆனால் அவர் ஸ்டார்ட்டர் இல்லை. யார்பரோ அந்த ஆண்டு முதலில் இறங்கியவை 6 ஆட்டங்கள்தாம்; பேஸ்பாலில் அணியின் ஒவ்வொரு வெற்றியும் ஒரு பந்துவீச்சாளர் பெயரில் ஏறும், அப்படி இவர் பெயரில் ஏறியவையோ 16. ஸ்டார்ட்டரின் வேலையைச் செய்தவர் அவர்தான். முதலில் இறங்குபவர் குறைந்தது ஐந்து இன்னிங்ஸ் முடித்தால்தான் வெற்றி அவர் பெயரில் ஏறும் என்பது விதி. ஆகவே ஓப்பனருக்கு அது எட்டவே எட்டாது. இருவருக்கும் தமிழில் 'தொடக்க' என்று வைத்தால் நீங்கள் எழுதுவது யாரைப் பற்றி என்று யாருக்குப் புரியும்?

என் பரிந்துரை: பிட்சருக்கு 'எறிவாளர்' என்றே வையுங்கள். தொடக்க எறிவாளர் என்பதை ஓப்பனருக்கு விட்டுக்கொடுத்துவிடுங்கள். அவருக்கு அது அச்சாகப் பொருந்தும். ஸ்டார்ட்டருக்கு முறையெறிவாளர்.

பல பூசகக் குடும்பங்கள் உள்ள கோயில்களில் "இந்த மாதம் யார் முறை?" என்று கேட்பார்கள். முறைக்காரர் என்றால், அந்தத் தவணைக்கு நடைதிறப்பது முதல் நடைசாத்துவதுவரை பொறுப்பு அவருடையது. வாய்க்காலில் முறைவைத்துத் தண்ணீர் விடுவதும் இதே சொல்தான். வரிசை, தவணை, பொறுப்பு மூன்றும் ஒரே சொல்லுக்குள் வந்துவிடுகின்றன. ஐவர் சுற்றிவருவதை முறைச்சுற்று என்று சொல்லலாம். ரொட்டேஷனுக்கு 'சுழற்சி' என்று போட்டால் பந்தின் சுழற்சியோடு குழம்பும், அதற்குத் தனி அளவீடே இருக்கிறது.

உங்கள் கட்டுரைக்கு இது வெறும் பெயர்மாற்றம் இல்லை. பருவப்பாதியில் மெட்ஸின் நிலை 39 வெற்றி, 55 தோல்வி. முதல் 12 ஆட்டங்களில் 11-ஐ வென்று தொடங்கிய அணி அது. ஜூனில் 5 வென்று 21 தோற்றது. நல்ல 'தொடக்கம்' என்று நீங்கள் எழுதினால் அணியின் தொடக்கமா, டிகிராமின் தொடக்கமா? முறைச்சுற்று என்று எழுதினால் குழப்பமே இல்லை: முறைச்சுற்றில் யார் நின்றார், யார் உதிர்ந்தார் என்று நேராகச் சொல்லிவிடலாம். மேட் ஹார்வி நான்கு முறைகளோடு சுற்றிலிருந்து விலக்கப்பட்டு, மே 8 அன்று சின்சினாட்டி அணிக்கு மாற்றப்பட்டார். நோவா சிண்டர்கார்ட் விரல் தசைநார்க் காயத்தால் மே கடைசியிலிருந்து ஜூலை நடுவரை தம் முறைகளை இழந்தார். ஜேசன் வர்காஸ் பருவம் பிறக்குமுன்பே கை எலும்பு முறிந்து தாமதமாகத்தான் சுற்றுக்குள் வந்தார். வந்தும் பயனில்லை, பருவ முடிவில் ஒன்பது இன்னிங்ஸுக்கு அவர் கொடுத்த ஓட்டச் சராசரி 5.77.

> தரமான தொடக்கம்

இதில் எனக்கு 'தரமான' என்பதும் பிடிக்கவில்லை. 1985-இல் ஜான் லோ என்ற பிலடெல்பியா செய்தியாளர் உருவாக்கிய அளவுகோல் இது: ஆறு இன்னிங்ஸாவது நீடிக்கவேண்டும், மூன்றுக்கு மேல் ஓட்டம் பெயரில் ஏறக்கூடாது. ஆறுக்கு மூன்று என்றால் ஒன்பது இன்னிங்ஸுக்கு 4.50. அதைத் தரம் என்று கொண்டாட முடியுமா? முப்பத்தைந்து மதிப்பெண் எடுத்தவரை நாம் தேறினார் என்போம், அவ்வளவுதான். தேறிய முறை என்று வையுங்கள். டிகிராம் அந்தப் பருவத்தைத் தொடர்ச்சியாக 24 தேறிய முறைகளோடு முடித்தார். 'தேறிய' என்பது அடக்கமான சொல்லாக இருப்பதால் 24 என்ற எண் தானே பேசும்.

> ஈட்டிய ஓட்டம்

யார் ஈட்டியது? ஆங்கிலத்தில் மட்டையாளர் பக்கத்திலிருந்து பார்த்துப் பெயர் வைத்திருக்கிறார்கள். ஆனால் அந்த எண் ஏறுவது எறிவாளரின் கணக்கில். களத்தில் நிற்பவர் பந்தைத் தவறவிட்டதால் வந்த ஓட்டம் எறிவாளர்மேல் ஏறாது. ஏறுவதைப் பொறுப்பு ஓட்டம் என்றும், ஏறாததைப் பிழை ஓட்டம் என்றும் சொல்லலாம். ஈ.ஆர்.ஏ.வுக்கு, அதாவது ஒன்பது இன்னிங்ஸுக்கு எத்தனை பொறுப்பு ஓட்டம் என்ற கணக்குக்கு, பொறுப்பு ஓட்டச் சராசரி. கொஞ்சம் நீளம்தான், கட்டுரையில் ஒரு தடவை சொல்லிவிட்டு அப்புறம் 'சராசரி' என்றே போகலாம். நடுவில் வந்து கைகொடுப்பவர் மாற்றெறிவாளர். இதில் யாருக்கும் சண்டை வராது என்று நினைக்கிறேன்.

* * *

ஐயாவுக்கு வணக்கம். யாழ்ப்பாணத்தில இருந்து ரெண்டு மறுப்பு.

ஒண்டு, 'எறிவாளர்'. 1995 மார்கழி (டிசம்பர்) 26, மெல்பேர்ண். முரளிதரன்ர பந்தை நடுவர் டரல் ஹெயார் ஏழு தரம் 'நோ போல்' எண்டு சொன்னவர். காரணம் 'எறியிறார்' எண்டது. அதுக்குப் பிறகு எங்கட பக்கம் 'எறி' எண்ட சொல்லைக் கேட்டாலே ஆக்களுக்குச் சுர்ரெண்டு ஏறும். ஒரு விளையாட்டில குற்றத்துக்கு வைச்ச பேரை இன்னொரு விளையாட்டில தொழிலுக்கு வைக்கிறது சரியோ? பந்துவீச்சாளர் எண்டே விடலாமே.

மற்றது, 'முறை'. முறையெறிவாளர் எண்டதும் எனக்கு முறைமச்சான்தான் ஞாபகத்துக்கு வந்தார். சிரிக்காதேங்கோ. அதோட "டிகிராம் 32 முறை எறிந்தார்" எண்டு எழுதினால் மொத்தமா முப்பத்திரண்டு பந்துதான் போட்டவர் எண்டு வாசிப்பினம்.

* * *

> குற்றத்துக்கு வைச்ச பேரை

தம்பி, முரளி பட்ட பாடு எனக்கும் ஆறாதது. ஆனால் நீங்கள் சொன்ன காரணமே 'எறிவாளர்' வேண்டும் என்பதற்கும் காரணமாகிறது. கிரிக்கெட்டில் முழங்கையை மடக்கி நிமிர்த்தினால் குற்றம். பேஸ்பாலில் அப்படி மடக்கி நிமிர்த்தித்தான் எறியவேண்டும். பந்து தரையில் படாமல் போகும். ஓடிவந்து வீச இடமில்லை, மேட்டில் நின்ற இடத்திலிருந்து எறியவேண்டும். அந்த மடக்கி நிமிர்த்தலின் பாரம் முழங்கையின் உள்தசைநாரில் விழுகிறது. அதனால்தான் 1974-இல் டாமி ஜான் என்ற எறிவாளருக்குச் செய்த அறுவைச் சிகிச்சைக்கு அவர் பெயரே நிலைத்துவிட்டது. மெட்ஸின் முறைச்சுற்றில் டிகிராம், சாக் வீலர், ஸ்டீவன் மாட்ஸ், ஹார்வி நால்வரும் 2018-க்கு முன்பே அந்தக் கத்திக்குத் தப்பாதவர்கள். வீலர் 2015, 2016 என்று இரண்டு பருவத்தை முழுதாக இழந்தவர். 'வீச்சு' என்று எழுதினால் இந்த வலி எங்கிருந்து வருகிறது என்று வாசகருக்குத் தெரியாது. எறிதல் எறிதல்தான்.

> முறைமச்சான்தான் ஞாபகத்துக்கு வந்தார்

சிரித்துவிட்டேன், மன்னிக்கவும். முறைப்பெண், முறைமாமன் எல்லாம் இருக்கத்தான் செய்கின்றன. 'முறைக்காரர்' என்ற சொல்லும் அவற்றோடு சேர்ந்து நூற்றாண்டுகளாகப் பிழைத்துத்தான் வந்திருக்கிறது. சேர்த்து எழுதினால் போதும்.

32 முறை பற்றிய உங்கள் மறுப்பு வலுவானது. அதற்கு வினையை மாற்றவேண்டும். 'முறை எறிந்தார்' வேண்டாம், 'முறைக்கு இறங்கினார்' என்று எழுதுவோம். "டிகிராம் 32 முறைகளுக்கு இறங்கினார், அவற்றில் அணி வென்றது 14, தோற்றது 18." இதில் குழப்பம் இருக்கிறதா?

அம்மாவுக்கு: சொற்கள் தாங்குகின்றனவா என்று பார்க்க நானே ஒரு பத்தி எழுதிப் பார்த்தேன். வேண்டுமானால் எடுத்துக்கொள்ளுங்கள்.

"பருவப்பாதியில் மெட்ஸ் முறைச்சுற்றில் டிகிராம் ஒருவர்தான் மலை போல நின்றார். சராசரி 1.68, பெயரில் வெற்றி 5, தோல்வி 4. வென்றதையும் தோற்றதையும் மட்டும் பார்த்திருந்தால் நடுத்தர ஆள் என்று ஒதுக்கியிருப்பார்கள். அவருக்கு ஓட்டம் எடுத்துக்கொடுக்க அணியில் ஆளில்லை. எடுத்ததையும் மாற்றெறிவாளர்கள் காக்கவில்லை. பருவ முடிவில் 217 இன்னிங்ஸ், சராசரி 1.70, வெற்றி 10, தோல்வி 9. அந்த ஆண்டே, இரு லீகுகளில் மற்றதில், பிளேக் ஸ்னெல் 21 வெற்றி, 5 தோல்வி, 1.89 சராசரி. இருவருக்கும், அவரவர் லீகின் சிறந்த எறிவாளருக்கான சை யங் விருது. டிகிராமுக்கு 30 வாக்காளர்களில் 29 பேர் முதலிடம் கொடுத்தார்கள். வீலரின் கதை நேர்மாறானது. பருவப்பாதியில் அவர் சராசரி 4.44. ஜூலையில் மதிப்பெண் போட்டிருந்தால் விற்றுவிடத் தக்க ஆள் என்றுதான் எழுதியிருப்போம். பிற்பாதியில் 9 வெற்றி, 1 தோல்வி, சராசரி 1.68. முற்பாதியில் டிகிராம் வைத்திருந்த அதே எண்!"

இந்த வீலர் விஷயத்தைக் கட்டுரையில் நீட்டி எழுதுங்கள். பாதியில் மதிப்பிடும்போது ஓட்டச் சராசரியை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு அவரைவிட நல்ல ஆள் அந்தச் சுற்றில் இல்லை. இருபது முறைகூட ஆகாத நிலையில் ஒன்றிரண்டு மோசமான முறை போதும், சராசரி சாய்ந்துவிடும். எத்தனை பேரை ஸ்ட்ரைக் அவுட் செய்தார், எத்தனை பேரை எறிபிழையால் முதல் தளத்துக்குச் சும்மா நடக்கவிட்டார் என்ற இரண்டையும் பக்கத்தில் வையுங்கள். அவை களத்தில் மற்றவர் கையை நம்பியிருப்பதில்லை. மாட்ஸைப் பற்றி ஒரு வரி போதும்: 30 முறை, 3.97, ஐந்து வெற்றிக்குப் பதினொரு தோல்வி. அவரும் டிகிராமின் அதே மட்டையாளர்களை நம்பித்தான் இறங்கினார்.

* * *

> 'முறைக்கு இறங்கினார்' என்று எழுதுவோம்

ஓம் ஐயா, அது சரி. 'எறி'யில எனக்கு இன்னும் மனம் ஒப்பேல்லை, ஆனா டாமி ஜான் கதைக்குப் பிறகு வாதாட வழியில்லை.

* * *

ஐயாவுக்கும் அண்ணனுக்கும் நன்றி. முறையெறிவாளர், முறைச்சுற்று, தேறிய முறை மூன்றையும் எடுத்துக்கொண்டேன். பொறுப்பு ஓட்டமும் சரி. 'பிழை ஓட்டம்' மட்டும் வேண்டாமே. படிக்கிறவர் எறிவாளரின் பிழை என்று எடுத்துக்கொள்வார். 'களப்பிழை ஓட்டம்' என்று போடுகிறேன்.

இன்னொன்று பாக்கி இருக்கிறது. வெற்றியும் ஏறாமல் தோல்வியும் ஏறாமல் போகிற முறை. டிகிராமுக்கு அந்தப் பருவத்தில் அப்படி 13. 'முடிவற்ற முறை' என்றால் முடிவே இல்லாதது போலாகிறது. 'பேரேறா முறை' என்று எழுதி வைத்திருக்கிறேன். வேறு யாருக்காவது தோன்றினால் வெள்ளிக்கிழமைக்குள் சொல்லுங்கள், அன்றைக்குக் கட்டுரையை அனுப்பவேண்டும்.