எழுத்தில் ஆணை தராமல் வேலையை விட்டு நிறுத்தினால் எவ்வளவு காலத்திற்குள் முறையிட வேண்டும்?

கேள்வி: திருமங்கலம் வாசகர்

அனைவருக்கும் வணக்கம். என் அண்ணன் கப்பலூர் அருகே ஒரு நூற்பாலையில் ஏழு ஆண்டுகளுக்கு மேல் நிரந்தரத் தொழிலாளியாக இருந்தார். 2024 ஜூலையில் ஷிப்ட் மாற்றம் தொடர்பாக மேற்பார்வையாளருடன் வாக்குவாதம் ஏற்பட்டது. மறுநாள் அவரை கேட்டிலேயே நிறுத்தி, கூப்பிடும்போது வந்தால் போதும் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். விசாரணையும் இல்லை, எழுத்து மூலமான ஆணையும் இல்லை. "அடுத்த மாதம் பார்க்கலாம்" என்ற பதிலை நம்பிக் காத்திருந்ததில் 2026-ஆம் ஆண்டே பிறந்துவிட்டது. மூன்று ஆண்டுகள் அவகாசம் உண்டு என்கிறார் ஒருவர். புதிய சட்டத்தில் அது குறைந்துவிட்டது என்கிறார் இன்னொருவர். எதை நம்புவது என்று தெரிந்தவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

பதில் 1: பழைய சங்கத்துக்காரர்

தம்பி, இருவர் சொன்னதிலும் உண்மை இருக்கிறது. 1947-ஆம் ஆண்டின் தொழில் தகராறுகள் சட்டத்தில் 2ஏ பிரிவு 2010-இல் திருத்தப்பட்டது. அதன்படி வேலைநீக்கம் செய்யப்பட்ட தொழிலாளி முதலில் சமரச அலுவலரிடம் (இரு தரப்பையும் அழைத்துப் பேசித் தீர்க்க முயலும் தொழிலாளர் துறை அதிகாரி) மனுக் கொடுக்க வேண்டும். 45 நாட்கள் கடந்தும் தீர்வு இல்லையென்றால், அரசு தகராறை நீதிமன்றத்திற்கு அனுப்பும்வரை காத்திராமல் நேரடியாகத் தொழிலாளர் நீதிமன்றத்திற்குப் போகலாம். அந்த வழியில் செல்ல, நீக்கப்பட்ட நாளிலிருந்து மூன்று ஆண்டுகள் அவகாசம் இருந்தது.

அதற்குப் பதிலாக 2025 நவம்பர் 21 முதல் தொழில் உறவுகள் தொகுப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்திருக்கிறது. தகராறு எழுந்து இரண்டு ஆண்டுகள் கடந்துவிட்டால் சமரச அலுவலர் அதை எடுத்து நடத்தக் கூடாது என்று அச்சட்டத்தின் 53-ஆவது பிரிவு சொல்கிறது. சமரசம் முறிந்து அலுவலரின் அறிக்கை கைக்கு வந்தபின், புதிய சட்டப்படி வழக்கை விசாரிக்கும் தொழில் தீர்ப்பாயத்தை அணுக 90 நாட்கள் மட்டுமே. ஆகவே 2026 ஜூலையைத்தான் கடைசிக் கெடுவாக நினைத்துக்கொள்ளுங்கள்.

என்னை மிகவும் வருத்துவது அந்த "அடுத்த மாதம் பார்க்கலாம்" என்ற பேச்சு. நிர்வாகம் வாயால் தரும் வாக்குறுதிக்காகக் கெடு நிற்காது. முதலமைச்சர் தனிப்பிரிவுக்கும் மாவட்ட ஆட்சியரின் குறைதீர் நாளுக்கும் கொடுக்கும் மனுக்கள், சமரச அலுவலரிடம் எழுப்பும் தகராறுக்கு ஈடாகமாட்டா. மனு அங்கே இருக்கிறது என்ற நிம்மதியிலேயே உரிமையை இழந்தவர்கள் இந்த வட்டாரத்தில் பலர்.

பதில் 2: மதுரை வழக்கறிஞர்

மேலே சொன்னது சரி. 2024-இல் நடந்த நீக்கம் என்பதால் அப்போதைய சட்டம் தந்த மூன்றாண்டு உரிமை தொடர்கிறது என்று வாதிட இடமுண்டு. ஆனால் வாதத்தில் வெல்லலாம் என்று நம்பி நாளைக் கடத்துவது கூடாது. பழைய சட்டமானாலும் புதிய சட்டமானாலும் முதல் படி சமரச அலுவலர்தான்.

அதோடு, "நாங்கள் நீக்கவில்லை, அவராகவே வராமல் நின்றுவிட்டார்" என்று நிர்வாகம் சொல்லும் என எதிர்பாருங்கள். எழுத்தில் ஆணை இல்லாத வழக்குகளில் பெரும்பாலும் வரும் பதில் இதுதான். எனவே எந்தத் தேதியில், யாரால், எவ்வாறு தடுக்கப்பட்டார் என்பதைக் குறிப்பிட்டு, மீண்டும் வேலை தரும்படி கேட்கும் கடிதத்தை ஒப்புகை அட்டையுடன் இந்த வாரமே நிர்வாகத்திற்கு அனுப்பச் சொல்லுங்கள். அதன் நகலை சமரச அலுவலரான, மதுரையிலுள்ள தொழிலாளர் உதவி ஆணையர் (சமரசம்) அலுவலகத்தில் தரும் மனுவுடன் இணைத்து, மனுவின் இன்னொரு பிரதியில் தேதி முத்திரை பெறுங்கள். நிர்வாகத்தின் பதிலுக்காக மனுவை நிறுத்தி வைக்க வேண்டாம். இ.எஸ்.ஐ. பங்களிப்பு விவரம், வருங்கால வைப்பு நிதிப் பதிவு, சம்பளம் வந்த வங்கிக் கணக்குப் பட்டியல் ஆகியவை தொடர்ந்து பணியில் இருந்ததைக் காட்டும்.

பதில் 3: விளக்குத்தூண் வாசகர்

இதைப் படிக்கும் கடை ஊழியர்களுக்காக ஒன்றைச் சேர்க்கிறேன். நான் ஒரு ஜவுளிக்கடையில் விற்பனையாளராக இருந்து நீக்கப்பட்டவன். தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தின் 41-ஆவது பிரிவின்படி, தொடர்ந்து ஆறு மாதம் வேலை செய்தவரைத் தக்க காரணமின்றி நீக்க முடியாது. ஆனால் அதன்கீழ் மேல்முறையீடு செய்ய, ஆணை கிடைத்ததிலிருந்து 30 நாட்கள்தான். தாமதத்தை மன்னிக்கும்படி போதிய காரணத்துடன் கேட்கலாம் என்றாலும், அந்தக் காரணத்தை நிரூபிக்கும் சுமை நம்முடையது.

திருமங்கலம் வாசகர்

மிக்க நன்றி ஐயா. திங்கட்கிழமை அண்ணனையே அழைத்துச் செல்கிறேன். வீட்டுச் செலவுக்காக வைப்பு நிதிப் பணத்தை எடுக்க நினைக்கிறார். எடுத்தால் வழக்குக்குப் பாதகமாகுமா?

பதில் 2: மதுரை வழக்கறிஞர்

அது அவருடைய சேமிப்பு. ஆனால் முழுத் தொகையையும் எடுக்க வேலையிலிருந்து விலகிய தேதி பதிவாகியிருக்க வேண்டும். நிர்வாகம் அதைப் பதியாத நிலையில், உறுப்பினரே இணையத்தில் பதிந்துகொள்ளும் வசதி இருக்கிறது. அவர் தம் கையால் அப்படிப் பதிந்தால், தானாக விலகியதற்குச் சான்றாக நிர்வாகம் அதையே காட்ட வாய்ப்புண்டு. ஆகவே முதலில் தகராறை எழுப்பி முத்திரை பெறுங்கள். "கணக்கு முழுதும் முடிந்தது" என்று அச்சிட்ட தாள் எதிலும், வழக்கறிஞர் ஒருவரிடம் காட்டாமல் கையெழுத்துப் போட வேண்டாம்.