காதுக்கட்டி ஆபரேஷனுக்கு அப்புறம் பாதி முகம் மரத்துப்போச்சு, உடம்புல தெம்பே இல்ல – நம்ம பக்கம் யாராச்சும் இருக்கீங்களா?

தங்கச்சிமடம் தையல்கடை:

எல்லாருக்கும் வணக்கம். அக்கூஸ்டிக் நியூரோமா ஆபரேஷன் பண்ணவங்க ராமேஸ்வரம், மண்டபம், கீழக்கரை, தொண்டி பக்கம் யாராச்சும் இருந்தா பேசுங்களேன். அதான் காது நரம்புல வர்ற கட்டி, எனக்கு போன தை மாசம் மதுரைல பண்ணாங்க, இடது பக்கம். ரொம்ப நாளா இடது காதுல ரீங்காரம், போன் வச்சா சத்தம் வரும் பேச்சு புரியாது, அழுக்குன்னு சொட்டு மருந்து ஊத்தி ஊத்தியே காலம் ஓடிப்போச்சு, கடைசியில காது எவ்வளவு கேக்குதுன்னு ஆடியோகிராம் எடுத்து அப்புறம் ஊசி போட்டு எம்ஆர்ஐ எடுத்தப்பதான் தெரிஞ்சுச்சு. கேன்சர் இல்ல, மெதுவா வளர்ற கட்டி, காதுலருந்து மூளைக்குப் போற எட்டாவது நரம்புல வர்றதுன்னாங்க. எனக்கு அது பெருசாயி பக்கத்துல போற அஞ்சாவது நரம்பையும் அமுக்கிருச்சு.

இப்ப இடது கன்னம், உதட்டுல பாதி, மூக்கோரம், நாக்குல ஒரு பக்கம் எதத் தொட்டாலும் தெரியல. சோறு கன்னத்துக்குள்ள ஒதுங்கி நிக்கும், எனக்குத் தெரியாது. டீ குடிச்சா ஓரமா வழியும், மகதான் “அம்மா வாயத் தொடச்சுக்கோ”ம்பா. போன வாரம் நகரை மீன் சாப்பிட்டு ஒரு முள்ளு ஈறுல குத்தி நின்னுருக்கு, ராத்திரி பல்லு வெளக்கும்போது ரத்தம் வந்தப்பதான் கண்ணாடில பாத்தேன். வாய் கோணல் கொஞ்சம்தான், பாக்குறவங்க எல்லாம் அதைத்தான் கேக்குறாங்க, பக்கவாதமான்னு. அதக்கூட பொறுத்துக்கலாம். ஆனா இந்த அசதி இருக்கே, ஒரு ஜாக்கெட் வெட்டி முடிக்குறதுக்குள்ள கண்ணு சொருகுது, கடைக்கு நாலு பேரு வந்து ஒரே நேரத்துல பேசுனா தலைக்குள்ள எல்லாம் நின்னுபோகுது. மாமியார் “கட்டிய எடுத்தாச்சுல்ல, இன்னும் என்ன படுக்கை”ங்குறாங்க. தைராய்டு, ரத்தம் எல்லாம் டெஸ்ட் எடுத்துப் பாத்தாச்சு, நார்மல். உங்களுக்கும் இப்புடி இருந்துச்சா? எப்ப குறைஞ்சுச்சு?

கீழக்கரை காக்கா:

அஸ்ஸலாமு அலைக்கும் தங்கச்சி. எனக்கு 2019ல வலது பக்கம். காதுக்குப் பின்னாடி எலும்பக் குடைஞ்சு உள்ள போற வழி, அந்த வழியில போனா அந்தக் காதுல மிச்சம் கேக்குறதும் போயிரும்னு முன்னாடியே சொல்லித்தான் செஞ்சாக, குடைஞ்ச குழிய அடைக்க வயித்துலருந்து கொழுப்பு எடுத்து வச்சாக. அதனால எனக்கு தலையில ஒரு தையல் வயித்துல ஒரு தையல், துபாய்ல கூட வேலை பாத்த பயலுக இன்னமும் கிண்டல் பண்ணுவானுக.

அசதிய பத்தி அப்புறம் சொல்றேன், மொத கண்ணு. கண்ணு எப்புடி இருக்கு? முழுசா மூடுதா? நீ அதப் பத்தி ஒரு வரிகூட எழுதல, அதான் எனக்கு பகீர்னுச்சு. எனக்கு முகம் இழுத்துக்கிட்டது, மரத்துப்போனது, ரெண்டும் ஒரே பக்கத்துல சேந்து வந்துச்சு. முகத்த அசைக்குறது ஏழாவது நரம்பு, தொட்டா தெரியவைக்குறது அஞ்சாவது. ஏழாவது சரியில்லன்னா இமை மூடாது, அஞ்சாவது சரியில்லன்னா தூசி விழுந்தாலும் உறுத்தாது. ரெண்டும் சேந்துட்டா கண்ணுக்குக் காவலே இல்ல. ஆனி மாசக் கச்சான் காத்துல கடக்கரை ரோட்டுல பைக்குல வந்துருக்கேன், மண்ணு அப்புனது எனக்குத் தெரியவே இல்ல, வீட்டுக்கு வந்தா உம்மா “என்னடா கண்ணு கோவைப்பழமா இருக்கு”ன்னு கத்துறாக, வலியே கெடையாது. மறுநாள் பார்வை மங்கிருச்சு. கருவிழில புண்ணு. ஆறுறதுக்கு ரொம்ப நாள் புடிச்சுது, ஓரத்துல இமையச் சேத்து தற்காலிகமா ஒரு தையல்கூடப் போட்டாக.

வலிக்கலன்னு இருந்துறாத தங்கச்சி. தெனம் காலைல வெளிச்சத்துல கண்ணாடி பாரு, செவப்பு, மங்கல், வெள்ளைப் புள்ளி எதாச்சும் இருந்தா அன்னைக்கே கண்ணு டாக்டரு.

மண்டபம் பாசிக்காரி:

காக்கா சொன்னது அத்தனையும் நெசம். நானும் இடது பக்கம்தான். கண்ணுக்கு பகல்ல பிரிசர்வேடிவ் இல்லாத சொட்டு மருந்து, சின்னச் சின்ன குழாயில வருமே அது, அடிக்கடி விடச்சொன்னாங்க. ராத்திரி களிம்பு போட்டு இமைய விரலால முழுசா மூடிட்டு மேல டேப்பு. பஞ்சு வச்சுக் கட்டாதீங்க, உள்ள இமை தொறந்துக்கிட்டா பஞ்சு கருவிழிய அறுத்துரும். டேப்பு ஒட்ட ஆரம்பத்துல எனக்கு வராது, எங்க மதினிதான் ஒட்டிவிடுவா. வெளிய போகும்போது நாங்க கடல்ல பாசி எடுக்கப் போடுற ரப்பர் கண்ணாடி இருக்குல்ல, அதையே போட்டுக்கிட்டேன். பஸ்ஸுல பாம்பன் பாலத்துமேல காத்து அடிக்கும் பாருங்க, ஜன்னல் சீட்டுல அதப் போட்டுக்கிட்டு உக்காந்துருப்பேன், பாக்குறவன் பாக்கட்டும். இப்ப ஓரத்துல மறைப்பு வச்ச கண்ணாடி வாங்கிட்டேன்.

இன்னொண்ணு முக்கியமா சொல்லணும், கடல்ல எறங்குறவங்களுக்கு. எனக்கு சின்ன வயசுலருந்து முங்கிப் பாசி எடுக்குறதுதான் பொழப்பு, விரல்ல துணியச் சுத்திக்கிட்டு மூச்சடக்கி முங்குவோம். ஆபரேஷன் முடிஞ்சு நல்லா நடக்க ஆரம்பிச்சதும், டாக்டரும் தண்ணி படலாம்னு சொன்னதும், மதினியக் கூட்டிக்கிட்டு தென்கடல்ல கழுத்தளவு ஆழத்துலதான் எறங்குனேன். தலைய உள்ள விட்டு கண்ண மூடுனேன், அவ்வளவுதான், மேல எது கீழ எதுன்னு தெரியல. கையத் தரையில ஊனுறேன்னு நெனச்சு கை தண்ணிக்குள்ள அலையுது. மதினி முடியப் புடிச்சு இழுத்தா. அப்புறம் டாக்டர்கிட்ட கேட்டா, காதுல இருக்குற பேலன்ஸ் ஒரு பக்கம் போயிட்டதால கண்ணும் காலும்தான் உனக்குத் திசை சொல்லுது, தண்ணிக்குள்ள கண்ணும் மங்கல், காலும் தரையில இல்ல, அப்ப ஒண்ணுமே சொல்லாதுன்னாரு. நீச்சல் நல்லாத் தெரிஞ்சவங்களே இப்புடி முங்கிப் போயிருக்காங்களாம். அக்னி தீர்த்தத்துல முங்கி எந்திரிக்கணும்னு யாராச்சும் கூப்பிட்டாலும் தண்ணிய அள்ளித் தலையில தெளிச்சுக்கிட்டு வாங்க, போதும்.

நான் இப்ப முங்குறதில்ல. கரையில உக்காந்து மூங்கில் மிதவைக்குக் கயிறுல, கடல்ல வளக்குற கப்பா பாசி விதை கட்டுறேன். கூலி கம்மிதான். முங்கிப் போறவளுகளப் பாக்கும்போது மனசு ஒரு மாதிரிதான் இருக்கு, என்ன பண்ண.

உச்சிப்புளி 77:

நரம்புத் தளர்ச்சிதான் எல்லாம். நல்லெண்ணெய்ல பூண்டு போட்டுக் காய்ச்சி காதுல விடுங்க, உப்பு மூட்டைய வறுத்து கன்னத்துல ஒத்தடம் குடுங்க, உணர்ச்சி வந்துரும். எங்க சித்தப்பாவுக்கு முகவாதத்துக்கு அப்புடித்தான் சரியாச்சு.

தேவிபட்டினம் ரிட்டயர்டு சிஸ்டர்:

உச்சிப்புளி தம்பி, நல்ல மனசுல சொல்றீங்க, ஆனா தயவுசெஞ்சு வேணாம். மரத்த தோல்ல சூடு தெரியாதுப்பா. வார்டுல இருக்கும்போது ஒரு அம்மாவுக்கு வீட்டுல உப்பு ஒத்தடம் குடுத்து கன்னம் முழுக்கக் கொப்புளமா வந்தாங்க, அந்தம்மா “சூடாவே இல்லையேம்மா”ன்னு உக்காந்துருக்காங்க. காதுல எண்ணெயும் கூடாது, ஆபரேஷன் ஆன காது. உங்க சித்தப்பாவுக்கு வந்தது வேற, அது தானா வந்து பெரும்பாலும் தானா சரியாகுற முகவாதம்.

தையல்கடை அம்மாவுக்கு ரெண்டு விஷயம். குனியும்போது மூக்குலருந்து தண்ணியா, தெளிவா, உப்புக் கரிச்சு வடிஞ்சா, இல்ல தொண்டைக்குள்ள எறங்குற மாதிரி இருந்தா ஜலதோஷம்னு விட்றாதீங்க. மூளையச் சுத்தியிருக்குற நீர் கசியலாம், அதோட காய்ச்சல், கழுத்து விறைப்பு வந்தா அவசரம், ராத்திரின்னாலும் கெளம்பிருங்க. அப்புறம் சாப்பாடு. வலது பக்கம் மட்டும் மெல்லுங்க, சாப்பிட்டதும் விரல விட்டு இடது கன்னத்த ஒரு தடவ துழாவிட்டு வாய் கொப்பளிங்க, சூட்ட கையில பாத்துட்டு வாயில வைங்க. முள்ளு மீன கொஞ்ச நாள் விட்ருங்க, சீலா, வெளமீன் துண்டம் வாங்கிக்கிட்டா போதும். பல் டாக்டர்கிட்ட போனா மரத்த பக்கம்னு சொல்லிருங்க, அந்தப் பக்கம் சொத்தை விழுந்தாலும் உங்களுக்கு வலிக்காது.

கோணல் எவ்வளவுன்னு ஹவுஸ் பிராக்மேன்னு ஒரு அளவுல 1லருந்து 6 வரைக்கும் போடுவாங்க, 1 நார்மல், 6 அசைவே இல்ல. உங்க டிஸ்சார்ஜ் சம்மரில இருக்கும் பாருங்க. நரம்பு அறுபடாம இருந்து திரும்ப வளரணும்னா ஒரு நாளைக்கு சுமாரா 1 மில்லிமீட்டர்தான் வளரும், அதனால மாசக்கணக்கா, சிலருக்கு வருசத்துக்கு மேலயும் ஆகும். சீக்கிரம் வரணும்னு பபுள்கம் மெல்றது, பலூன் ஊதுறது, கண்ட எடத்துல கரண்ட் வைக்குறது, இதெல்லாம் உங்க பிசியோகிட்ட கேக்காம செய்யாதீங்க. முரட்டுத்தனமா பயிற்சி குடுத்தா பின்னாடி சிரிக்கும்போது கண்ணு மூடிக்கும், நரம்பு தடம் மாறி ஓடிரும்.

கீழக்கரை காக்கா:

சிஸ்டர் சொன்னது எனக்கு வந்துச்சு. இப்பவும் சிரிச்சா வலது கண்ணு சுருங்குது. பிரியாணி சாப்புட்டா அந்தக் கண்ணுல தண்ணி கொட்டும், எச்சில் சுரக்குற நரம்பு கண்ணீருக்கு மாறி இணைஞ்சுக்கிச்சாம். கல்யாண வீட்டுல கறிச் சோத்த வச்சுக்கிட்டு நான் அழுவுறத பாத்து பொண்ணோட வாப்பாவே கலங்கிட்டாரு.

ராமேஸ்வரம் விசைப்படகு:

அசதி பத்தி நான் சொல்றேன்மா, ஏன்னா எனக்கு கோணலும் இல்ல மரமரப்பும் இல்ல, கட்டி சின்னதா இருக்கும்போதே எடுத்துட்டாங்க, பாக்க நல்லா இருப்பேன், அதனாலயே ஒருத்தனும் நம்பமாட்டான். சித்திரைல மீன்பிடித் தடைக்காலம், அந்த 61 நாளும் வீட்டுல இருந்தேன், தெம்பு வந்துருச்சுன்னு நெனச்சு ஆனி மாசம் படகேறுனேன். பகல்ல ஒண்ணும் தெரியல. இருட்டுனதும் கடலும் வானமும் ஒண்ணாயி தொடுவானம் தெரியல பாருங்க, கால் நிக்கல. கம்பியப் புடிச்சுக்கிட்டு உக்காந்துட்டேன். பின்னாடிருந்து டிரைவர் கூப்புடுறான், ஒத்தக் காதுல எந்தப் பக்கம்னு தெரியாம நான் கடலப் பாத்து பதில் சொல்றேன், பயலுக சிரிக்குறானுக. கரைக்கு வந்து ரெண்டு நாள் எந்திரிக்கல.

எனக்குப் பயிற்சி குடுத்த பிசியோ பொண்ணு சொன்னப்பதான் எனக்குப் புரிஞ்சுச்சு. முன்னாடி நிக்குறது நடக்குறது எல்லாம் நம்ம கவனத்துக்கே வராம தானா நடந்துச்சு, இப்ப மூளை எப்பவும் சுக்கானக் கையில புடிச்சுக்கிட்டே நிக்குது, விட்டா சாயும். அதோட ஒத்தக் காதுல பேச்ச வடிகட்டிக் கேக்குறதும் ஒரு வேலை. சும்மா உக்காந்துருந்தாலும் அலுப்பு வருதுன்னா இதனாலதான், சோம்பேறித்தனம் கெடையாது. படுத்தே கெடந்தா மூளை பழகாது, முறிஞ்சு வேலை பாத்தா மறுநாள் போச்சு. கட்டவிரல நீட்டி அதையே பாத்துக்கிட்டு தலைய இடது வலது ஆட்டுற பயிற்சி குடுத்தாங்க, மொத மொத செஞ்சப்ப வாந்தி வந்துச்சு, விடாம செஞ்சேன். மணல்ல வேணாம், தார் ரோட்டுல வெயிலுக்கு முன்னாடி நடங்க, ராத்திரி கக்கூசுக்குப் போறதுன்னாலும் டார்ச்சு.

நான் இப்ப கரையிலதான், வலை பொத்துறேன். காலைல பெரிய கிழிசல், மதியம் சாப்பிட்டு கட்டாயம் ஒரு தூக்கம், சாயங்காலம் கைக்கு வந்த லேசான வேலை. நீங்களும் வெட்டுறத காலைல வச்சுக்கங்க, ஊக்கு, பட்டன் தைக்குறத சாயங்காலம். கடைக்கு வர்றவங்கள ஒவ்வொருத்தரா பேசச் சொல்லுங்க, கோவிச்சுக்குறவங்க கோவிச்சுக்கட்டும். குறைஞ்சுச்சான்னு கேட்டீங்களே, ஒரு வருசம் தாண்டி நல்லாவே குறைஞ்சுச்சு. முழுசா போகல.

தங்கச்சிமடம் தையல்கடை:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. விசைப்படகு அண்ணன் எழுதுனத மாமியாருக்கு வாசிச்சுக் காட்டுனேன், ஒண்ணும் சொல்லல, ஆனா மதியம் டிவி சத்தத்த அவங்களே கொறச்சாங்க. காக்கா, கண்ணு மூடுது, ஆனா தூங்கும்போது கொஞ்சம் தொறந்துருக்குன்னு மக சொல்றா. நீங்க சொன்னப்புறம் விரல வச்சுப் பாத்தேன், வெள்ளைப் படலத்துல நுனித்துணி பட்டாலும் எனக்கு உறுத்தல. திங்கக்கிழமை ராமநாதபுரத்துல கண்ணு டாக்டரப் பாக்கப் போறேன்.

இன்னொரு கேள்வி, அடுத்த வாரம் நாத்தனார் மகனுக்குக் காதுகுத்து, கல்யாண மண்டபத்துல ஸ்பீக்கர் கட்டிருவாங்க. போகாம இருக்க முடியாது. என்ன பண்றது?

கீழக்கரை காக்கா:

கண்ணுல துணி, விரல் எதையும் வச்சுப் பாக்காத தங்கச்சி, அந்த டெஸ்ட்ட டாக்டரு பாப்பாரு. சும்மா கண்ணாடில பாத்தாப் போதும். திங்கக்கிழமை வரைக்கும் ராத்திரி களிம்புக்கு உன் ஆபரேஷன் டாக்டருக்கு இன்னைக்கே போன் போட்டுக் கேட்டுரு.

காதுகுத்துக்குப் போ. ஸ்பீக்கருக்குத் தள்ளி, கேக்காத காத செவத்துப் பக்கம் வச்சு ஓரமா உக்காரு, அப்ப பேசுறவங்க எல்லாம் கேக்குற பக்கமே வருவாக. மொதப் பந்தியில சாப்புட்டுரு, கூட்டம் கம்மி. மகள பக்கத்துல வச்சுக்க. மொய் எழுதுனதும் கெளம்பிரு, யாரு என்ன சொன்னாலும் சரி.

மண்டபம் பாசிக்காரி:

ஃபேனுக்கு நேர உக்காராதீங்க, கண்ணு காஞ்சுரும். சொட்டு மருந்த பையில எடுத்துக்கங்க.