பிளான் மாற்றப் போகிறீர்களா? பழைய சிம்மை முதலில் கேன்சல் செய்யாதீர்கள்

எங்கள் வீட்டில் தங்கியிருக்கும் தம்பி ஒருவன் ஊரிலிருந்து வெளிநாட்டுக்கு வந்து இரண்டு மாதம்தான் ஆகிறது. போன வாரம் "அண்ணா, ஏர்போர்ட்ல வாங்கின சிம்முக்கு மாசாமாசம் இவ்வளவு போகுதே, இதை கேன்சல் பண்ணிட்டு வேற மலிவா ஒண்ணு வாங்கிடட்டுமா?" என்று கேட்டான். நல்லவேளை கேட்டான். நான் வந்த புதிதில் யாரையும் கேட்காமல் அதையேதான் செய்தேன்.

பழைய கம்பெனியைக் கூப்பிட்டு வேண்டாம் என்றேன், அவர்களும் மறுபேச்சில்லாமல் நிறுத்திவிட்டார்கள். மறுநாள் புது சிம்காரர்களிடம் பழைய எண்ணையே இதில் போட்டுத் தாருங்கள் என்றால், அந்த எண் இப்போது நடப்பில் இல்லையே, எதை மாற்றுவது என்கிறார்கள். எண் போனால் போகட்டும், புது எண்ணை நாலு பேருக்குச் சொன்னால் முடிந்தது என்று நினைத்தேன். அன்று சாயங்காலம் வாடகை அனுப்ப வங்கிச் செயலியைத் திறந்தால், அது செத்துப்போன எண்ணுக்கு ஓடிபி அனுப்பிவிட்டு ஆறு காலிக் கட்டங்களைக் காட்டிக்கொண்டு நிற்கிறது. சரி, எண்ணை மாற்றிவிடலாம் என்று போனால், மாற்றுவதற்கான ஓடிபியும் அதே பழைய எண்ணுக்குத்தான் போகுமாம். கடைசியில் பாஸ்போர்ட்டைத் தூக்கிக்கொண்டு கிளைக்கு நேரில் போய் வரிசையில் நின்றேன். வேலைக்கு விண்ணப்பித்த இடங்களில் எல்லாம் கொடுத்திருந்ததும் அந்த எண்தான். யாராவது கூப்பிட்டார்களா என்பது இன்றுவரை தெரியாது.

ஆகவே வரிசை இதுதான்: முதலில் புது பிளானை வாங்குங்கள், அப்புறம் எண்ணை அதற்கு மாற்றச் சொல்லுங்கள். எண் மாறி முடிந்ததும் பழைய இணைப்பு பெரும்பாலும் தானாகவே மூடிக்கொள்ளும். நீங்கள் தனியாகப் போய் மூட வேண்டியதில்லை. எப்படி மாற்றுவது என்பது நாட்டுக்கு நாடு வேறு. பிரிட்டனில் பிஏசி (PAC) என்ற மூன்று ஆங்கில எழுத்துகளை 65075க்கு மெசேஜ் அனுப்பினால் ஒரு குறியீடு வரும், 30 நாள் செல்லும். அதைப் புதுக் கம்பெனியிடம் கொடுத்தால் ஒரு வேலை நாளில் மாறிவிடும். 2019 ஜூலையிலிருந்து இப்படித்தான், அதற்கு முன்பு போன் செய்து, போகாதீர்கள் என்று அவர்கள் கெஞ்சுவதை எல்லாம் கேட்டாக வேண்டும். பிரான்ஸில் 3179ஐ அழைத்தால் அந்தக் குறியீட்டைச் சொல்வார்கள். அமெரிக்காவில் கணக்கு எண்ணும், எண் மாற்றத்துக்கென்றே தரும் தனிப் பின் (PIN) எண்ணும் வேண்டும். சிம்மைத் திறக்கும் பின்னை அதற்குப் போட்டுவிட்டு ஏன் நடக்கவில்லை என்று உட்கார்ந்திருப்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். இந்தக் குறியீடு யார் கையில் இருக்கிறதோ உங்கள் எண்ணும் அவர் கையில்தான். "உங்கள் கம்பெனியிலிருந்து பேசுகிறோம், தள்ளுபடி தருகிறோம், இப்போது வந்த குறியீட்டைச் சொல்லுங்கள்" என்று எவன் கூப்பிட்டாலும் வைத்துவிடுங்கள்.

ப்ரீபெய்டில் பணம் மீதி இருந்தால் எண் மாறும்போது பெரும்பாலும் அதுவும் போய்விடும். தீர்த்துவிட்டு மாறுங்கள்.

அடுத்து, எந்த பிளான்? இதற்கு ஊரெல்லாம் கேட்பதைவிட உங்கள் போனைக் கேட்பது நல்லது. செட்டிங்ஸில் மொபைல் டேட்டா பக்கத்தில் எத்தனை ஜிபி ஓடியிருக்கிறது என்று இருக்கும். ஆண்ட்ராய்டில் மாதக்கணக்காகப் பார்க்கலாம். ஐபோனில் ஒரு சங்கடம், அந்தக் கணக்கு மாதா மாதம் தானாகச் சுழியத்துக்குப் போகாது. போன் வாங்கிய நாளிலிருந்து சேர்ந்துகொண்டே வரும். அதைப் பார்த்து ஐயோ இவ்வளவா என்று பெரிய பிளான் வாங்கியவர்கள் உண்டு. அடியில் ரீசெட் இருக்கிறது, இன்று அழுத்திவிட்டு ஒரு மாதம் கழித்துப் பாருங்கள். வீட்டிலும் வேலையிடத்திலும் வைஃபை இருந்தால், ரயிலில் வீடியோ பார்த்தாலொழிய பத்து ஜிபியைத் தாண்டுவதே சிரமம். நம் தம்பிக்கு 100 ஜிபி பிளான். பார்த்தால் நாலு சொச்சம்தான் ஓடியிருந்தது.

மலிவு சிம் என்றால் சிக்னல் கிடைக்காது என்று ஒரு பயம். பெரும்பாலான மலிவு கம்பெனிகளுக்குச் சொந்தமாகக் கோபுரமே கிடையாது, பெரிய கம்பெனியின் கோபுரத்தை வாடகைக்கு எடுத்து விற்கிறார்கள். பிரிட்டனில் கிஃப்காஃப் ஓடுவது ஓ2வின் மேல், அமெரிக்காவில் விசிபிள் ஓடுவது வெரைசனின் மேல். அதனால் பார்க்க வேண்டியது மேலே இருக்கும் பெயரை அல்ல, அடியில் யாருடைய கோபுரம் என்பதைத்தான். உங்கள் அறையில் அந்தக் கோபுரத்தின் சிக்னல் எப்படி என்று அதே கம்பெனி சிம் வைத்திருக்கும் நண்பரை ஒரு தரம் வீட்டுக்கு வரச் சொல்லிப் பாருங்கள், வரைபடத்தைவிட அது நம்பகமானது. ஆனால் எல்லாமே ஒன்றுதான் என்று சொல்ல மாட்டேன். கூட்டம் சேரும் இடங்களில் சில மலிவு சிம்கள் பின்வரிசைக்குத் தள்ளப்படும், வேகம் படுத்துவிடும். சிலவற்றில் வைஃபை காலிங், அதாவது சிக்னல் இல்லாத இடத்தில் வைஃபை வழியாகவே போன் பேசும் வசதி, இருக்காது. புதிதாக வந்தவர்கள் பாதிப் பேர் அடித்தள அறையில்தானே வாடகைக்கு இருக்கிறோம், அங்கே வைஃபை காலிங் இல்லாவிட்டால் போனை எடுத்துக்கொண்டு படியேற வேண்டியதுதான்.

விற்ற கம்பெனியின் சிம் மட்டுமே ஓடும்படி போன் பூட்டியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். கனடாவில் 2017 டிசம்பரிலிருந்தும் பிரிட்டனில் 2021 டிசம்பரிலிருந்தும் பூட்டிய போனை விற்கக்கூடாது. மற்ற இடங்களில், தவணையில் வாங்கிய போன் என்றால், கேட்டுத் திறக்க வைத்த பிறகே நகருங்கள். கையோடு கொண்டுவந்த பழைய போனுக்கு வேறு தலைவலி. பல நாடுகளில் 3ஜி மூடியாகிவிட்டது, அமெரிக்காவில் 2022இல், ஆஸ்திரேலியாவில் 2024 அக்டோபரில். 4ஜி வழியாகக் குரல் அழைப்பு போகாத போனில் இணையம் ஓடும், ஆனால் அழைப்பு போகாது. ஆஸ்திரேலியாவில் 000க்கு அவசர அழைப்பு செய்ய முடியாத போன்களை நெட்வொர்க்கே தடுத்துவிடுகிறது. *#06# அடித்தால் போனின் அடையாள எண்ணான ஐஎம்இஐ வரும், அதைப் புதுக் கம்பெனியின் இணையப் பக்கத்தில் போட்டு உங்கள் போன் அங்கே ஓடுமா என்று பார்க்கலாம்.

விலையில் இரண்டு சூட்சுமம். பிளான் மாதத்துக்கா 28 நாளுக்கா என்று பாருங்கள். 28 நாள் என்றால் வருடத்துக்கு 13 தடவை கட்டுகிறீர்கள், 12 அல்ல. இன்னொன்று, முதல் ஆறு மாதம் பாதி விலை என்பான், ஏழாவது மாதம் முழு விலையும் தானாகவே கார்டிலிருந்து போகும். வாங்கும் அன்றே போன் நாட்காட்டியில் அந்தத் தேதியைப் போட்டுவையுங்கள். ஒப்பந்தம் இல்லாத, மாதா மாதம் ஓடும் சிம்மாக எடுத்தால் பெரும்பாலும் கிரெடிட் ஹிஸ்டரியும் (கடனை ஒழுங்காகக் கட்டிய வரலாறு) கேட்க மாட்டார்கள், பிடிக்கவில்லை என்றால் கிளம்பிவிடலாம்.

நாலு பேர் சேர்ந்து ஃபேமிலி பிளான் எடுக்கலாம் என்று வீட்டில் யாராவது ஆரம்பிப்பார்கள். கணக்கு யார் பெயரில் இருக்கிறது என்பதை யோசியுங்கள். ஒருவன் வேறு ஊருக்கு வேலை மாறிப் போனால் மற்றவர்களின் பங்கு ஏறும், மாதா மாதம் காசு கேட்டு நினைவூட்டும் பொறுப்பு கணக்கு வைத்திருப்பவன் தலையில். நான் ஒரு வருடம் அந்த வேலை பார்த்தேன், இனி மாட்டேன்.

ஊர் எண்ணை மறக்க வேண்டாம். ஊர் வங்கியின் ஓடிபி அதற்குத்தான் வரும். இரண்டாவது சிம்மாகவோ, அட்டை இல்லாமல் போனுக்குள்ளேயே பதியும் இ-சிம்மாகவோ போட்டு, அதில் டேட்டாவை அணைத்துவிட்டு, உயிரோடு வைத்திருக்கத் தேவையான ரீசார்ஜை மட்டும் செய்துவாருங்கள். வாட்ஸ்அப் அந்த எண்ணிலேயே ஓடிக்கொண்டிருக்கும். எண் கைவிட்டுப் போய் வேறொருவருக்குக் கிடைத்தால்தான் சிக்கல்.

வெள்ளிக்கிழமை சாயங்காலமும், விமானம் ஏறுவதற்கு முந்தின நாளும் எண்ணை மாற்ற ஆரம்பிக்க வேண்டாம். இடையில் சிக்கினால் பேச ஆள் கிடைக்காது.

தம்பி செவ்வாய்க்கிழமை மாற்றினான். மறுநாள் மதியம் வேலையிடத்து வைஃபையிலிருந்து "அண்ணா, பழைய சிம்ல சிக்னலே இல்ல, போச்சு" என்று மெசேஜ். புது சிம்மைப் போட்டு ஒரு தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணு என்றேன். பத்து நிமிடத்தில் அதே பழைய எண்ணிலிருந்து கூப்பிட்டான்.